எந்த நாடு என்றுதான் முடிவாகவில்லை

ஏழுகல் தோட்டத்து ஸ்டோரில் பிட்டராக இருந்த நாகமுத்து எந்த இயந்திரத்தையும் கழற்றிவிடுவார். அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச மாத்தளைப் பக்கம் ஆள் கிடையாது. திரும்பப் பூட்டும்போது மட்டும் ஒன்றிரண்டு ஆணிகள் மிச்சமாகும். அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வெள்ளக்காரன் எப்பவும் ரெண்டு ஆணி கூடத்தான் வச்சிருப்பான்" என்பார். இயந்திரமும் எப்படியோ ஓடும். தோட்டத்துப் பாஷையில் ஸ்டோர் என்றால் கொழுந்தைத் தேயிலையாக்கும் தொழிற்சாலை. அதற்குள் இருந்த ரோலர், ட்ரையர், வார்ப்பட்டை எல்லாம் அவர் அதட்டினால் அடங்கும். அவர் மனைவி சந்திரகாந்தா மட்டும்தான் அடங்கமாட்டாள். அவள் தோட்டத்து மருத்துவச்சி.

இப்படிப்பட்ட கைக்காரனை எந்த நாடும் கொத்திக்கொண்டு போகும் என்று நாகமுத்து நம்பினார். எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடிக்கு முன்னால் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த ஆடிக் கலவரத்தில் மாத்தளைக் கடைவீதி எரிந்தபோது மலையிலிருந்து புகை தெரிந்தது. நாகமுத்துவும் சந்திரகாந்தாவும் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போய் ஸ்டோரின் மேல்தட்டில், கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தார்கள். கீழே இறங்கி வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "போயிருவோம்."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

போவதற்குக் காகிதத்தில் குறைவில்லை. இரண்டு தேசத்துப் பிரதமர்கள் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்தில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டபோது, நாகமுத்துவின் அப்பா குடும்பத்தையே இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். ஆகவே மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்து, மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மொட்டையடித்து, மாத்தளையைத் தாண்டிக் கண்டிக்கு மேல் எங்கேயும் போயிராத நாகமுத்து ஓர் இந்தியர். இந்திய பாஸ்போர்ட், இங்கே தங்குவதற்கான விசாவோடு, தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருந்தது. எப்போதாவது எடுத்துப் பார்த்து, தன் படத்தைத் தானே அடையாளம் தெரியாமல் உள்ளே வைத்துவிடுவார்.

முதலில் கண்டிக்குப் போனார். இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்று அங்கே இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"என்ன வேலை செஞ்சிட்டிருந்தீங்க?"

"பிட்டருங்க. ஸ்டோர்ல."

"தேயிலைத் தோட்டம்னு போட்டுக்கிறேன்."

"தோட்டம் இல்லீங்க. மெசினு."

"மெசின் எங்க இருக்கு?"

"தோட்டத்துலதாங்க."

"அப்புறம் என்ன?"

அந்த நல்ல மனிதர் விளக்கினார். கோத்தகிரிப் பக்கம் புதிதாகத் தேயிலை நட்டிருக்கிறார்கள், கொழுந்து எடுக்கலாம். வேண்டாம் என்றால் நூல் மில். அதுவும் வேண்டாம் என்றால் கடன் வாங்கி வியாபாரம்.

"பிட்டர் வேலை கெடைக்காதுங்களா?"

"அதுக்குத்தான் அங்கேயே ஆளுங்க நிறைய இருக்காங்களே."

"என் சம்சாரம் மருத்துவச்சிங்க. இருவது வருசமா பிள்ள எடுக்குறா."

"எங்க படிச்சாங்க?"

"தோட்டத்து ஆஸ்பத்திரியில. டாக்டரையா பக்கத்துல நின்னு படிச்சது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களும் கொழுந்து எடுக்கலாம்" என்றார், தன்னால் முடிந்ததைச் செய்துவிட்ட திருப்தியுடன்.

அடுத்தது சவூதி. மாத்தளை டவுனில் புடவைக்கடை மாடியில் சாலிஹ் என்பவர் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். பிட்டர் என்றதும் அவர் எழுந்து நின்றே விட்டார்.

"பிட்டரா? சவூதீல பிட்டருக்கு மவுசு தெரியுமா உங்களுக்கு? நீங்க ஸ்கில்டு. மத்தவன் மாதிரி சிமெந்து தூக்கப் போற ஆள் இல்ல. ஸ்கில்டு."

அந்தச் சொல் நாகமுத்துவின் காதில் தேனாக இறங்கியது. கண்டியில் கொழுந்துக்காரனாகிப் போனவர் மாத்தளையில் ஸ்கில்டாகிவிட்டார். இரண்டு ஊருக்கும் நடுவில் பதினாறு மைல்தான். தேத்தண்ணீர் வந்தது. தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சாலிஹ் பாஸ்போர்ட்டை விரித்தார். குடிப்பதை நிறுத்தினார்.

"இது இந்தியா பாஸ்போட்டே."

"நான் இங்க பொறந்தவன், மொதலாளி."

"நீங்க இங்க பொறந்த. பாஸ்போட் அங்கல்லோ பொறந்திருக்கு. இதுல நான் ஏத்தினா என்னைய உள்ளுக்குப் போட்டுருவாங்க. நீங்க செய்ய வேண்டியது என்னண்டா, இந்தியாவுக்குப் போங்க. பம்பாயில என்னைய மாதிரி ஆளனுப்புற ஆக்கள் ஈக்கிறாங்க. அங்க ஏறுங்க."

"இந்தியாவுல என்னையக் கொழுந்து எடுக்கச் சொல்றாங்க மொதலாளி."

"கொழுந்தா? சவூதீல தேயில இல்லையே" என்று சாலிஹ் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மூன்றாவது கனடா. இதை யார் அவர் மண்டையில் ஏற்றினார்கள் என்பது தெரியவில்லை. பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் இறங்கி, ஊரில் இருக்க முடியவில்லை என்று சொன்னால் போதும், கம்பளி கொடுத்து உட்கார வைப்பார்களாம். ஆனால் யாழ்ப்பாணம் என்று சொன்னால்தான் எடுபடுமாம். மாத்தளை என்றால், அது எங்கே இருக்கிறது என்று வரைபடம் தேடிக் களைத்துப்போய்த் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நாகமுத்து அன்றிலிருந்து வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் பேசிப் பழகினார்.

"இஞ்சேருமப்பா, ஒரு தேத்தண்ணி போடுமன்" என்றார் சந்திரகாந்தாவிடம்.

அவள் கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "ஒடம்பு சுடலையே" என்றாள்.

"பழகுறேன் புள்ள. கனடாவுல கேப்பாங்க."

"நீங்க பேசுறதக் கேட்டா யாழ்ப்பாணத்துக்காரங்களே ஒங்களப் புடிச்சிக் குடுத்துருவாங்க. போயி மூஞ்சக் கழுவுங்க."

கனடா அத்தோடு முடிந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சொல் தவறான காதில் விழுந்தது. தோட்டத்து ஆட்களுக்கு நாடு என்றால் தேசம் அல்ல. கடைசித் தேயிலைச் செடிக்கு அப்பால், வேலியைத் தாண்டினால் வரும் சிங்களக் கிராமம்தான் நாடு. "நாட்டுக்குப் போய் பலாக்காய் வாங்கியாந்தேன்" என்பார்கள். "நாட்டு வழியா எறங்குனா டவுனுக்குச் சீக்கிரம் போயிரலாம்" என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு வேறு சொற்கள் இருந்தன. நாகமுத்துவும் முப்பத்தெட்டு வயது வரைக்கும் அப்படித்தான் பேசினார். ஆனால் ரேடியோவில் அயல்நாடு, அந்நிய நாடு, வளைகுடா நாடு என்று இராப்பகலாகக் கேட்டுக் கேட்டு அவருடைய நாடு பெரிதாகிவிட்டது. மற்றவர்களுடையது அப்படியே இருந்தது.

ஸ்டோர் வாசலில் தேயிலை சலிக்கும் ராசம்மா ஒருநாள் கேட்டாள்.

"ஏதோ போறதாப் பேசிக்கிறாங்களே தம்பி, மெய்தானா?"

"ஆமாக்கா. நாட்டுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எந்த நாடுன்னுதான் முடிவாகல."

"போறதுதான் போறீங்க, ரொம்பத் தூரமாப் போயிடாதீங்க."

"தூரத்தப் பாத்தா ஆகுமா? தொழிலத் தெரிஞ்சவனுக்கு எங்க மரியாதையோ அங்க போறதுதான்."

"லக்கலப் பக்கம் மட்டும் வேணாம் தம்பி. ஆன வந்து கத்திரிச்செடியக்கூட விட்டுவைக்காதாம். அவசரத்துக்கு ஒரு பஸ்ஸு கெடையாது."

நாகமுத்து சிரித்தார். தன்னுடைய வெளிநாட்டுத் திட்டத்தைக் கிழவி கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தார். பெரிய காரியத்தில் இறங்கினால் நாலு பேர் கேலி செய்யத்தான் செய்வார்கள்.

"பாஷதான் கொஞ்சம் இடிக்குது" என்றார்.

"ஒங்களுக்கு என்னா? நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே."

ராசம்மா சொன்னது சிங்களத்தை. நாகமுத்து இங்கிலீஷ் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷில் யெஸ் சேர், நோ சேர், பெல்ட் கட் சேர் ஆகிய மூன்றும் தெரியும். அதை ஓர் எழுத்தறியாத பெண்பிள்ளைகூடக் கவனித்து வைத்திருக்கிறாளே என்று பூரித்துப்போய் அன்றைக்கு ரோலருக்கு இரண்டு தடவை எண்ணெய் விட்டார்.

ராசம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கு, அதாவது தோட்டத்துக்குக் கீழே இருந்த கொஸ்கஹவத்தைக் கிராமத்துக்கு, மாவிடிக்கப் போனாள். அங்கே அப்துல் ஸமத் முதலாளியின் மில்லில் வரிசையில் நின்றபடி விஷயத்தைச் சொன்னாள். பிட்டர் குடும்பம் நாட்டுக்கு வருகிறது, எந்த நாடு என்றுதான் முடிவாகவில்லை. முதலாளி மில்லை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

மேலே நாகமுத்துவுக்கு இது எதுவும் தெரியாது. மூன்று தேசங்களும் கையை விரித்துவிட்ட பிறகு, விரித்த கைகளில் எது கொஞ்சம் பெரியது என்று பார்த்து, இந்தியாவுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். அங்கே போய், கொழுந்து எடுப்பதுபோல் எடுத்து, பம்பாய்க்கு நழுவி, சவூதிக்கு ஏறுவது திட்டம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னார். துரை அவருக்குக் கைகொடுத்தார். அந்த வாரமே பேர் வெட்டியாயிற்று. பேர் வெட்டு என்றால் தோட்டத்துப் பதிவில் இருந்து ஆளை நீக்குவது. நாகமுத்துவின் பேரோடு சந்திரகாந்தாவின் பேரும் போயிற்று. குடும்பமாகப் போகிறவர்களைக் குடும்பமாகத்தான் வெட்டுவார்கள். அவர் இடத்துக்கு ரத்தோட்டையிலிருந்து ஒரு புதுப் பிட்டர் வந்தான். வந்த அன்றே, ரோலருக்குள் நான்கு ஆணிகள் குறைகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு கப்பல் நின்றது.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் வடக்கில் நடந்த சண்டையால் ஓடவில்லை என்று ரேடியோ சொன்னது. மறுபடி எப்போது ஓடும் என்று ரேடியோ சொல்லவில்லை. மூட்டை கட்டியவர்கள் கட்டிய மூட்டையில் உட்கார்ந்தார்கள். நாகமுத்து துரையிடம் போனார்.

"பேரைத் திரும்பப் போடணும் சேர்."

"எப்படிப் போடுறது? நீ இந்தியன். விசா முடிஞ்சிருச்சு."

"இந்தியாவுக்குப் போக முடியலையே சேர்."

"அது கப்பல்காரன்ட பிரச்சினை." துரை கெட்டவர் அல்ல. அவர் தலையைச் சொறிந்தார். "நாகமுத்து, நீ இப்ப இங்க இல்ல. எழுத்துல நீ போயிட்டாய். போன ஆளுக்கு நான் வேலை குடுத்தா என்னைக் கேப்பாங்க. புதுப் பிட்டருக்கு வீடும் வேணும். இந்த மாசக் கடைசிக்குள்ள விட்டுக் குடு."

நாகமுத்து இயந்திரங்களோடு பழகியவர். கழற்றிய ஒன்றைப் பூட்ட முடியாமல் போவது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதுவரைக்கும் அவர் கையில் ஸ்பானர் இருந்தது. இப்போது அவரே ஆணியாக இருந்தார். எந்த ஓட்டைக்கும் பொருந்தவில்லை. வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த மலையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் அப்துல் ஸமத் முதலாளி குடை பிடித்து, ஒரு சீப்பு ஆனமாலு வாழைப்பழத்தோடு மேலே ஏறி வந்தார். அவருடைய மில் எஞ்சின் இருமினால் நாகமுத்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மருந்து கொடுப்பார். ஆகவே வருகை ஆச்சரியம் இல்லை. பேச்சுத்தான் ஆச்சரியம்.

"என்ன பிட்டர், நாங்க பாத்துப் பாத்து ஈக்கிறோம், நீங்க எறங்கி வாறதாக் காணோமே. வீட்டுக்கு வெள்ளையடிச்சும் முடிஞ்சே."

"எந்த வீட்டுக்கு?"

"மில்லுக்குப் பக்கத்துல ஈக்கிற வீட்டுக்குத்தான். நீங்க நாட்டுக்கு வாறண்டு செல்லினாங்களே. எந்த நாடுண்டு முடிவாகல்லையாமே. பக்கத்து ஊரு உக்குவளைக்காரன் தட்டிப் பறிச்சிருவானோண்டு பயந்துபோய், நாங்க அவசர அவசரமா ஓடும் மாத்தினோம்."

நாகமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ராசம்மா, யானை, பஸ் இல்லாத லக்கல, நல்லாப் பேசுவீங்களே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. ரோலரில் விரல் மாட்டியபோதுகூட அவர் முகம் அப்படிப் போனதில்லை. கண்டி, மாத்தளை, கனடா என்று அவர் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, காலடியில் ஒரு கிராமம் அவருக்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுப்படியிலிருந்து சந்திரகாந்தாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச காலமாகக் கேட்காத சத்தம்.

நாகமுத்து தொண்டையைச் செருமினார். ஸ்கில்டு என்ற சொல் எங்கேயோ அடியில் இன்னும் உயிரோடு இருந்தது. வெளிநாடு இல்லாவிட்டால் போகிறது, இங்கேயாவது தன்னை அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

"எஞ்சின் ரொம்பப் பழசு மொதலாளி. நான் வர்றதுன்னா மொதல்ல அதக் கழட்டி…"

"எஞ்சினா? அத வித்துட்டோமே. கரண்டு மோட்டர் போட்டாச்சு. மருமகன் நுஹ்மான் சுவிச்சத் தட்டுறான், ஓடுது." முதலாளி தயங்கினார். "பிட்டர், கோவிச்சுக்கப்படாது. எங்களுக்கு வேண்டியது மிஸ்ஸியத்தான்."

மிஸ்ஸி என்று அவர் சொன்னது சந்திரகாந்தாவை. கொஸ்கஹவத்தையில் தமிழ் பேசுகிறவர்களும் சிங்களம் பேசுகிறவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அரசாங்க மருத்துவச்சி எப்போதாவதுதான் வருவாள், பிள்ளைகள் அதுவரைக்கும் பொறுத்திருப்பதில்லை. அந்தக் கிராமத்தில் தவழ்ந்து திரிந்த கூட்டத்தில் பாதியை ராந்தல் வெளிச்சத்தில் வாங்கி எடுத்தவள் சந்திரகாந்தாதான்.

"என்ட மருமகள் ஸைனம்பு, கொடி சுத்தின புள்ளையோட கெடந்தாளே, மிஸ்ஸி வராட்டி ரெண்டு மையத்து" என்றார் முதலாளி. "ஊர்ல எல்லாரும் ஒக்காந்து பேசினம். பன்சலையில ஈக்கிற பிக்கு ஹாமுதுருவும் சரியெண்டார். ஆரும் வந்து விசா அது இதெண்டு கேட்டா, கப்பல் வாற வரைக்கும் ஈக்கிறாங்கண்டு செல்லுவோம். கப்பல் வராட்டி நாங்க என்ன செய்ற?"

"அப்ப நான் என்னா செய்றது?" என்றார் நாகமுத்து.

முதலாளி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நீங்களும் வாங்களே" என்றார் அன்பாக. "மிஸ்ஸிட புருஷன் எண்டா ஊர்ல ஒரு மரியாத ஈக்கும்தானே."

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போன பிறகும் நாகமுத்து அசையவில்லை. பிள்ளைகள் வாழைப்பழத்தை முடித்துவிட்டார்கள். சந்திரகாந்தா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"நான் வரல" என்றார் அவர்.

"எங்க வரல?"

"நாட்டுக்கு. போயி என்னான்னு உக்காந்திருக்கிறது? மிஸ்ஸியோட புருசன்னா? கேட்டியா அவரு சொன்னத? நீங்களும் வாங்களேன்னு. தொட்டுக்க ஊறுகா மாதிரி."

அவள் குனிந்து பழத்தோலைப் பொறுக்கினாள். அது அவருக்குத் தைரியம் கொடுத்தது.

"இருவத்திரெண்டு வருசம் ஸ்டோர்ல கெடந்தவன் புள்ள நான். வெள்ளக்கார எஞ்சினியரு என் கையப் புடிச்சிக் குலுக்கியிருக்காரு. எனக்கு ஒரு தொழில் இல்லாத எடத்துல நான் எப்பிடி இருக்கிறது?"

"சவூதிக்கு நீங்க போயிருந்தா நான் எங்க இருந்திருப்பேன்?" என்றாள் சந்திரகாந்தா.

"இங்கதான். நான் அனுப்பியிருப்பேன்ல."

"இந்தியாவுக்குப் போயிருந்தா?"

"அங்க கொஞ்ச நாளைக்கி…" அவர் நிறுத்தினார்.

"கொழுந்து. சொல்லுங்க. கண்டியிலேருந்து வந்து நீங்கதான் சொன்னீங்க, 'ஒனக்கும் வேல இருக்காம் புள்ள'ன்னு. சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. நான் கூடையத் தொட்டவளே இல்ல. எங்கம்மா எடுத்தா, எங்க ஆத்தா எடுத்தா, நான் எடுக்கக்கூடாதுன்னுதான் டாக்டரையா காலடியில நின்னு இத்தனையையும் படிச்சேன். ஒங்க பேர வெட்டுனப்ப என் பேரையும் சேத்துத்தானே வெட்டுனாங்க. வெட்டுறப்ப என்னைய யாராச்சும் கேட்டாங்களா? துரை கேட்டாரா? நீங்க கேட்டீங்களா?"

அவள் குரல் உயரவில்லை. பிரசவ அறையில் பெண்களிடம் பேசும் குரல் அது. நாகமுத்து இதுவரை அந்த அறைக்கு வெளியேதான் நின்றிருக்கிறார்.

"எனக்குத் தொழில் இல்லாத எடத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போறப்ப அது பெருசாத் தெரியல. இப்ப ஒங்களுக்குன்னு வந்ததும் வலிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து, "நான் நாளைக்கி எறங்குறேன். பிள்ளைகளும் வருதுங்க. நீங்க வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்றாள்.

நாகமுத்து சண்டை போடத் தயாராக இருந்தார். ஆனால் சண்டைக்கு எடுத்துக்கொள்ள ஒரு பிடி கிடைக்கவில்லை. அவள் சொன்னதில் எந்த இடத்தைத் தொட்டாலும் வழுக்கியது. கடைசியில் எழுந்து போய், கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார். கட்டிலைக் கழற்றுவது அவருக்குச் சின்ன வேலை. அன்றைக்கு நெடுநேரம் எடுத்தது.

மறுநாளும் மழை. லாரி ஏறி வர வழி இல்லாததால் நுஹ்மானும் இரண்டு பையன்களும் வந்து சாமானைத் தலையில் ஏற்றினார்கள். ராசம்மா வேலி வரைக்கும் வந்து, "நான் சொன்ன மாதிரியே கிட்டத்துலயே போறீங்க தம்பி" என்று மூக்கைச் சிந்தினாள். நாகமுத்து அவளிடம் ஏதோ கடுமையாகச் சொல்ல நினைத்தார். தலையாட்டிவிட்டு நடந்தார். வேலியைத் தாண்டும்போது பாஸ்போர்ட் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஓர் எருமை மட்டும் குறுக்கே நின்று, பிறகு தானாகவே விலகியது.

பாதி வழியில் ஓர் இளைஞன் சேற்றில் சறுக்கிக்கொண்டு எதிரே ஓடி வந்தான். பியதாச என்று பெயர். மனைவிக்கு வலி கண்டுவிட்டது, முதல் பிள்ளை, மிஸ்ஸி வருகிறாள் என்று கேள்விப்பட்டு மேலேயே வந்துவிட்டான். சந்திரகாந்தா தலையில் இருந்த மூட்டையை இறக்கி நாகமுத்துவின் தோளில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். அவள் போகிற வேகத்துக்கு அந்த இளைஞன் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

நாகமுத்து ஒரு தோளில் மூட்டையும், ஒரு கையில் சின்னவளும், மறு கையில் தேத்தண்ணீர்க் கேத்தலுமாக அந்த வீட்டு முற்றத்தை அடைந்தபோது உள்ளேயிருந்து முனகல் கேட்டது. சந்திரகாந்தா வாசலில் தலையை நீட்டினாள்.

"அடுப்புல தண்ணி வைங்க. நல்லாக் கொதிக்கணும். அந்தப் பையனுக்குக் கை நடுங்குது, அவன நம்பாதீங்க."

கதவு மூடிக்கொண்டது.

அடுப்பு பின்புறச் சாய்ப்பில் இருந்தது. விறகு நனைந்திருந்தது. பதினெட்டு அடி ட்ரையரின் சூளையை ஒரு கையால் மூட்டிய மனிதர், மூன்று கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஊதினார். புகை வந்தது. மறுபடி ஊதினார். இன்னும் கொஞ்சம் புகை வந்தது. கண் எரிந்தது. தேங்காய் மட்டையைப் பிய்த்துச் செருகி, அது அணைந்து, அதைக் கெட்ட வார்த்தையில் திட்டி, பக்கத்தில் பிள்ளை இருப்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு ஊதினார். பியதாச அருகில் குந்தினான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"ஒன்றும் ஆகாதுதானே, மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

நாகமுத்து ஊதுகுழலை இறக்கினார். மனைவியைப் பற்றி இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவளுடைய வேலையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யோசித்தார். ராந்தலை எடுத்துக்கொண்டு போவாள், விடிந்ததும் வந்து குளிப்பாள், அவர் ஸ்டோருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். கொடி சுற்றிய பிள்ளையைப் பற்றி ஊருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு நேற்றுத்தான் தெரியும்.

"பயப்படாதே" என்றார் அவனிடம், சிங்களத்தில். "உள்ளே இருக்கிறவள் யார் தெரியுமா? அவளைப்போல வேலை தெரிந்த ஆள் இந்த மலையிலேயே கிடையாது." சொல்லிவிட்டு மறுபடி ஊதுகுழலை எடுத்தார்.

கடைசியில் விறகு பற்றிக்கொண்டது. தண்ணீர் சலசலத்ததும் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கி, சூடு கையில் ஏற, வாசலுக்கு ஓடினார். கதவு ஒரு சாண் திறந்தது. சந்திரகாந்தாவின் வியர்த்த முகம் தெரிந்தது. பானைக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தாள்.

"கொதிக்கணும்னு சொன்னேன்ல" என்றாள். "இது காணாதுங்க. கொண்டுபோயி இன்னும் கொஞ்சம் எரிய விடுங்க."

நாகமுத்து பானையைத் தூக்கிக்கொண்டு, கொதிக்கவைக்கத் திரும்பிப் போனார்.